ஆரஞ்சா, நூடுல்ஸா? – பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பேசியது

தலைமையேற்றிருக்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, ஊர் வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அண்ணன் அவர்களே, தோட்டக்கலைத் துறை அலுவலர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பெரியவர்களே, சத்துணவுக் கூடத்தில் அடுப்பை அணைத்த கையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே, வணக்கம். அக்காமார்கள் தயவுசெய்து முன்னால் வாருங்கள். இன்றைய பேச்சே உங்களை நம்பித்தான்.

ஆரஞ்சுப் பழத்தையும் பாக்கெட் நூடுல்ஸையும் சத்தை வைத்து ஒப்பிடலாம்.

100 கிராம் ஆரஞ்சில் 85 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். கலோரி 47. ஆனால் வைட்டமின் சி சுமார் 50 மில்லிகிராம், நார்ச்சத்து 2 கிராமுக்கு மேல். சோடியம் இல்லையென்றே சொல்லலாம். 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் சுமார் 300 கலோரி. ஆவியில் வெந்த மாவை எண்ணெயில் பொரித்துத்தான் பெரும்பாலும் உலர்த்துகிறார்கள். கொழுப்பு அப்படித்தான் ஏறுகிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பல வகைகளில் மசாலாத்தூளோடு சேர்த்து ஒரு பாக்கெட்டிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. புரதம் நூடுல்ஸில்தான் கூடுதல், மறைக்கவில்லை. வைட்டமின் சி மட்டும், தனியாகச் சேர்த்தாலொழிய, கிடையாது. உறை மேல் கேரட்டும் பட்டாணியும் பளபளக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

இந்த வைட்டமின் சி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1747-ல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஈறு அழுகி, முழங்கால் துவண்டு மாலுமிகள் படுத்துவிட்டார்கள். ஸ்கர்வி நோய். கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 பேரைப் பிரித்து, இரண்டிரண்டு பேருக்கு ஒரு மருந்து கொடுத்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொரு ஜோடிக்குக் கடல் தண்ணீர்! பாவம், அதையும் குடித்தார்கள். ஒரு ஜோடிக்கு மட்டும் தினமும் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தயார். மற்றவர் தேறி, மீதி நோயாளிகளையே கவனிக்கத் தொடங்கிவிட்டார். கைதட்ட வேண்டியது இதற்குத்தான் ஐயா! ஆனால் எல்லா மாலுமிக்கும் எலுமிச்சைச் சாறு என்று கடற்படை ஆணையிட 1795 ஆயிற்று. லிண்ட் புத்தகமாகவே எழுதி வைத்தும் அத்தனை காலம். ஏட்டுச் சுரைக்காய்!

நமக்கு அத்தனை காலம் வேண்டாம். ஆரஞ்சு தினமும் வாங்க எல்லா வீட்டிலும் முடியாது, சரி. ஆனால் எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடி நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது? கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். அக்காமார்களே, சூடு அதை அழித்துவிடும். அடுப்பை அணைத்த பிறகே எலுமிச்சையைப் பிழியுங்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான்: இந்தப் பள்ளி வளாகத்தில் எலுமிச்சை மரங்கள். பிள்ளைகள் கை கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி விடலாம், வேரில் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். காய்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். அதுவரை சந்தையில் வாங்கும் செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்கட்டும். அலுவலர் ஐயா நல்ல கன்று பார்த்துத் தர வேண்டும். தலைவர் அண்ணன் இந்த வாரமே இரண்டரை அடி ஆழத்தில் குழி வெட்ட ஆள் அனுப்ப வேண்டும். சம்மதம் என்றால் இந்த மேடையிலேயே சொல்லுங்கள் அண்ணே.