புற்று அழுத்தும் பிரேக்

நேயர்களுக்கு வணக்கம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'லிம்போசைட்' என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஒரு சதவீதம். சர்க்கரை அளவைப் பார்க்கிற அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை. அது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அதில் ஒரு பிரிவான டி செல்லும், புற்றுநோயோடு அது போடும் சண்டையும்தான் இன்றைய பேச்சு.

டி செல் முதலில் புற்று செல்லோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத் துணுக்குகளைச் சோதிக்கிறது. அன்னியமாகப் பட்டால், பெர்ஃபோரின் என்ற புரதத்தை உமிழ்ந்து சவ்வில் துளை போடுகிறது. பின்னாலேயே கிரான்சைம் என்ற நொதியும் உள்ளே போகிறது. அதோடு சரி, புற்று செல் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும். டி செல் அடுத்ததைத் தேடிக் கிளம்பிவிடும்.

அப்புறம் ஏன் கட்டி வளர்கிறது? வெள்ளை அணுவுக்குச் சக்தி போதவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 'எதிர்ப்பு சக்தி' பொடிகள் விற்பதும் அந்த நினைப்பில்தான். ஆனால் பல கட்டிகளுக்குள் டி செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன, வேலை செய்யாமல். சொந்த உடம்பையே தாக்கிவிடாதிருக்க அவற்றுக்கு இயற்கையே பிரேக் வைத்திருக்கிறது. அதில் ஒன்று பிடி-1. 1992இல் ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. புற்று செல் அந்த பிரேக்கை அழுத்தும் புரதத்தைத் தானே தயாரித்து வெளியே காட்டுகிறது. கெட்டிக்காரத்தனம்தான்!

சிடிஎல்ஏ-4 என்பது இன்னொரு பிரேக். மற்றவர்கள் அதை வைத்து, டி செல் சொந்த உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களை அடக்கப் பார்த்தார்கள். அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன் மட்டும் நேர்மாறாக, பிரேக்கையே தடுத்தால் என்ன என்று கேட்டார். எலிகளில் கட்டி கரைந்தது. மனிதர்களுக்கான மருந்துக்கு 2011இல் அங்கே அனுமதி கிடைத்தது, முற்றிய மெலனோமா என்ற தோல் புற்றுக்கு. 2018இல் ஹோன்ஜோ, அலிசன் இருவருக்கும் நோபல் பரிசு.

பிரேக்கைத் தடுக்கும் இந்த ஊசி மருந்து எல்லோருக்கும் பலிப்பதில்லை, விலையும் அதிகம். இன்னொரு சிக்கலும் உண்டு. பிரேக் விலகிய டி செல் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும்கூடத் தாக்கலாம். இந்த ஊசி போட்டவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். ஊசி நிறுத்திச் சில மாதம் ஆகியிருந்தாலும் சரி, அன்றைக்கே புற்றுநோய் டாக்டரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுத்தே அடக்கிவிடலாம்.