ஏக்கர் ஒன்றே கால் டாலர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைக் களமாகக் கொண்டு 2018 ஜூனில் தொடங்கி, 2024 டிசம்பரில் ஐந்தாம் பருவத்தோடு முடிந்த 'யெல்லோஸ்டோன்' தொடரில் துப்பாக்கிச் சத்தத்துக்குக் குறைவே இல்லை. விழுந்த பிணங்களை எண்ணத் தொடங்கினால், அந்த மாநிலத்தில் காவல்துறை என்று ஒன்று இருக்கிறதா என்ற ஐயமே வந்துவிடும். அந்த ரத்தக் கணக்கை விட, தொடருக்குள் ஓடும் நிலக் கணக்கே என்னைக் கட்டிப்போட்டது.

கெவின் காஸ்ட்னர் நடித்த ஜான் டட்டன், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் பண்ணைக்காரர். மாடுகளுக்குச் சூட்டுக்குறி போட்டு, அதை அரசிடம் பதிவு செய்வது மொன்டானாவில் இன்றும் நடைமுறையில் உள்ள வழக்கம். டட்டன் பண்ணையிலோ, பழுக்கக் காய்ச்சிய அதே இரும்பு நம்பிக்கைக்குரிய வேலையாட்களின் நெஞ்சிலும் பதிகிறது. நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்போம். அங்கே நல்ல மனிதனுக்கும் ஒரு சூடு.

இத்தனை பெரிய மனிதரின் கையில் ரொக்கம் மட்டும் இல்லை. விமான நிலையமும் சொகுசு விடுதிகளும் கட்ட வருகிறவர்கள் நிலத்தின் விலையை ஏற்றிவிட, மாடு விற்று வரும் பணமோ அந்த விலையின் பக்கத்தில்கூட நிற்பதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, 2024இல் இறந்த ஒருவரின் சொத்து 1 கோடியே 36 லட்சத்து 10 ஆயிரம் டாலரைத் தாண்டினால், மிகுதிக்கு 40 சதவீதம் வரை வரி உண்டு. ஆகவே ஜான் இறந்ததும், எந்தத் துப்பாக்கியாலும் விரட்ட முடியாத எதிரியாக அந்த வரி வாசலில் வந்து நிற்கிறது.

இளைய மகன் கேய்சி கண்ட வழி எளியது. புரோக்கன் ராக் என்னும் கற்பனைப் பழங்குடியினரின் தலைவர் தாமஸ் ரெயின்வாட்டருக்கு, அந்த நிலத்தில் எதையும் கட்டக் கூடாது என்ற வாக்குறுதியோடு, ஏக்கர் 1 டாலர் 25 சென்ட் வீதம் விற்றுவிடுகிறான். விலை அத்தனை குறைந்தால் வரியும் சுருங்கிவிடும் என்பது கணக்கு. பொதுநிலத்தைக் குடியேறிகளுக்கு விற்க 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அரசே வைத்திருந்த விலை அது. வாங்கிய காலத்து விலைக்கே நிலம் திரும்பிப் போகிறது.

டட்டன்களின் மாளிகையாகக் காட்டப்படும் மரவீடு, டார்பி என்ற ஊருக்கு அருகே உள்ள சீஃப் ஜோசப் பண்ணையில் நிற்கிறது. 1877இல் சொந்த மண்ணைவிட்டு ராணுவத்தால் துரத்தப்பட்டு, டார்பி இருக்கும் பள்ளத்தாக்கின் வழியே தன் மக்களோடு போன, நெஸ் பெர்சே என்னும் பழங்குடியினரின் தலைவருடைய பெயர் அது. தொடர் இதைச் சொல்வதில்லை, சொல்லியிருக்கலாம்.

கடைசிப் பகுதியில் பழங்குடியினர் பண்ணைக் கட்டடங்களைப் பிரிக்கிறார்கள். இளைஞர்கள் சிலர் டட்டன்களின் கல்லறைக் கற்களையும் தள்ளிச் சாய்க்க, ரெயின்வாட்டரின் வலதுகையான மோ அவர்களைத் தடுத்து, கற்களை மீண்டும் நிமிர்த்தி வைக்கச் செய்கிறார்.