வலிப்பு உள்ள பையனைக் கடலில் குளிக்க விடலாமா?

அடுத்த கேள்வி, சேலத்திலிருந்து ஒரு அம்மா. "பையனுக்கு 9 வயது. ஃபிட்ஸுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். கடைசியாக வந்து ஏழு மாதம் ஆகிறது. மே லீவில் குடும்பமாக ராமேஸ்வரம் போகிறோம். அவனைக் கடலில் குளிக்க விடலாமா, கரையிலேயே உட்கார வைக்க வேண்டுமா?"

கூட்டிப் போங்கள் அம்மா. மற்றப் பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில் ஆட, இவனை மட்டும் கரையில் உட்கார வைத்தால் அவன் மனசு என்ன பாடுபடும்? போவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் காட்டி, இப்போது கட்டுப்பாட்டில்தான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சரி என்றால் குளிக்கலாம்.

ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. வலிப்பு உள்ளவர்கள் தண்ணீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 15 மடங்குக்கும் அதிகம். வலிப்பு வரும்போது கத்த முடியாது, கையை ஆட்டிக் கூப்பிடவும் முடியாது. சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடுவான். நீச்சல் தெரிந்த பிள்ளையும் அப்படித்தான்.

பத்துப் பேர் கூடப் போவதால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். சித்தப்பா பார்க்கிறார் என்று மாமா நினைப்பார், மாமா பார்க்கிறார் என்று நீங்கள் நினைப்பீர்கள். "இப்போது நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒரே ஆள் பொறுப்பு எடுக்க வேண்டும். அவரும் தண்ணீருக்குள்ளேயே, கை நீட்டினால் பையனைத் தொடும் தூரத்தில் நிற்க வேண்டும். கையில் செல்போன் கூடாது. பையனைத் தூக்கும் தெம்பு உள்ளவராக இருக்கட்டும், பாட்டியை நிறுத்தாதீர்கள்.

அக்னி தீர்த்தத்தில் அலை குறைவு. அங்கே அவன் இடுப்பளவு தண்ணீர் போதும். தனுஷ்கோடியில் கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள், இறங்க வேண்டாம். அங்கே நீரோட்டம் பொல்லாதது. காற்றடைத்த டியூபை நம்பவே நம்பாதீர்கள், உடம்பு துவண்டால் நடுவில் வழுக்கி விழுந்துவிடுவான். அளவு சரியான லைஃப் ஜாக்கெட் நல்லது, ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று பக்கத்தில் இருப்பவர் விலகக் கூடாது.

ராமேஸ்வரம் என்பதால் இன்னொன்று. ராத்திரி முழுக்கப் பயணம், தூக்கம் சரியாக இருக்காது. இறங்கியதும் ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு ஓடுவீர்கள். தீர்த்தமாடி சாமி கும்பிடும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று காலை மாத்திரையும் தள்ளிப் போகும். தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும்தான் வலிப்பைக் கூப்பிடும் முக்கியமான இரண்டு விஷயங்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு பையனைக் கடலில் இறக்குகிறோம்! மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. முதல் நாள் அறையில் நன்றாகத் தூங்கட்டும். கடலும் கோவிலும் மறுநாள்.

கோவிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் வாளியால் மொண்டு ஊற்றுவார்கள், மூழ்கும் பயமில்லை. தரைதான் வழுக்கும், கையைப் பிடித்தே நடத்துங்கள்.

லாட்ஜ் குளியலறையில் உள்தாழ்ப்பாள் வேண்டாம், வெளியே ஒருவர் நிற்கட்டும். சுடச்சுட வெந்நீரைத் தலையில் ஊற்றினால் வலிப்பு வரும் பிள்ளைகளும் உண்டு. தென்னிந்தியாவில் இது அதிகம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

தண்ணீரிலேயே வந்துவிட்டால்? பின்பக்கமாகப் போய்த் தலையைத் தாங்கி, முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருங்கள். உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். கை கால் இழுப்பதை அழுத்திப் பிடிக்க வேண்டாம். இழுப்பு நின்றதும் கரைக்குக் கொண்டுவந்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து உடனே செயற்கை சுவாசமும் நெஞ்சு அழுத்தமும் தர வேண்டும். கிளம்பும் முன்பே வீட்டில் ஒருவராவது அதைப் பழகிக்கொள்ளுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் கொடுக்க இரும்புச் சாவியைத் தேடி ஓடும் நேரத்தில் 108-ஐ அழையுங்கள். அவன் தெளிந்து, "எனக்கு ஒன்றுமில்லைம்மா" என்று சொன்னாலும் விடாதீர்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத்தான் அறைக்குத் திரும்ப வேண்டும்.