வடசென்னைக்கு எமர்ஜென்சி கிட்: ஒரு பெயிண்ட் வாளி போதும்!

வணக்கம் மக்களே! ஆன்லைனில் ‘எமர்ஜென்சி கிட்’ என்று தேடிப் பாருங்கள். டென்ட், திசைகாட்டி, மடக்குக் கத்தி எல்லாம் போட்டு ஒரு பையை விற்கிறார்கள். வியாசர்பாடியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கம் போகக்கூடாது என்பது இங்கே எல்கேஜி பிள்ளைக்கும் தெரியும். நமக்கு வேண்டியது இரண்டே பொருள். ஒன்று பெயிண்ட் வாளி. இன்னொன்று இப்போது உங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்.

பின்னணி வேண்டுமா? 2015 வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். கரண்ட் போனது, டவர் போனது, பால் பாக்கெட்டுக்கு அல்லாடினோம். போதும், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: மூடி போட்ட 20 லிட்டர் வாளி]

பெயின்டர் அண்ணனிடம் கேட்டால் காலி வாளி ஒன்று கிடைக்கும். மூடியைத் திருப்பி உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். ரப்பர் வளையம் ஒன்று சுற்றி ஓடும். அது முழுசாக இருக்கிற வாளியாகப் பார்த்து வாங்குங்கள். வளையம் பிய்ந்திருந்தால் அது துணி ஊறவைக்கத்தான் லாயக்கு. சோதிப்பது சுலபம்: கால் வாளி தண்ணீர் ஊற்றி, மூடியை நாலாபக்கமும் குத்தி அழுத்தி, பாத்ரூமில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாது.

இப்போது எனக்குப் பிடித்த இடம். 20 லிட்டர் வாளி முழுசாக மூழ்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 20 கிலோ தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். நீங்கள் உள்ளே வைக்கப்போவது மிஞ்சிப்போனால் பத்துக் கிலோ. ஆகவே இடுப்பளவு தண்ணீரில் விட்டாலும் ஏறக்குறைய பாதி வாளி மேலே நிற்கும். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் வாளியைத் தள்ளிக்கொண்டே நடக்கலாம். கனமான பொருளை அடியில் போட்டால் புரளவும் புரளாது. காசிமேட்டுக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். காலி கேனை வலைக்கு மிதவையாகக் கட்டுகிறவர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன்! முகாமுக்குப் போனால் அதே வாளி உட்கார ஸ்டூல். எந்த டிராலி பேக் இதைச் செய்யும்?

உள்ளே என்ன? ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் ஜிப் கவரில். ஒரு வாரத்துக்கான மாத்திரை, டாக்டர் சீட்டோடு. டார்ச், பவர் பேங்க், ஓஆர்எஸ், நாப்கின், பிஸ்கட், பால் பவுடர், பழைய மூக்குக்கண்ணாடி, விசில். அப்புறம் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள். டவர் இல்லாத நாளில் ஜிபே வெறும் படம்தான்.

குடிதண்ணீரை மட்டும் பெயிண்ட் வாளியில் பிடிக்காதீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், நாலு பேருக்கு மூன்று நாள் என்றால் 36 லிட்டர். இரண்டு கேன் தண்ணீர், கணக்கு முடிந்தது.

சரி, கொடியில் காய்கிற பொருள்? துண்டு! 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள், பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா தண்ணீரில் அவ்வளவு வேகமாகக் கரையும். ஒரு லிட்டர் தண்ணீர் நூற்றுக்கணக்கான லிட்டர் வாயுவை இழுத்துக்கொள்ளும். அதனால் துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போங்கள். கண் எரிந்தால் நல்ல தண்ணீரால் கால் மணி நேரம் கழுவுங்கள். ஈரத்துண்டு வெளியேறுகிற அந்தச் சில நிமிடங்களுக்குத்தான். அதை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆட்கள் ஆளுக்கொரு துண்டை வாளியில் மேலாக வையுங்கள். விலைக்கு விற்கும் எந்தக் கிட்டிலும் இதை நான் பார்க்கவில்லை. நம்மைக் கேட்டா செய்கிறார்கள்?

மூடியின் மேல் மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள்: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, மாநகராட்சி 1913. ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது வாளியையும் திறந்து, காலாவதியான மாத்திரையை மாற்றிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அதை ஒட்டித்தான் ஆரம்பிக்கும்.

உங்கள் தெருவில் மிக்ஜாம் தண்ணீர் எதுவரை நின்றது, முழங்காலா, இடுப்பா? ஏரியா பெயரோடு கமெண்டில் போடுங்கள். மாடி இல்லாத வீடுகளுக்கு அடுத்த வீடியோ போடுகிறேன், அதற்கு அந்தக் கணக்கு எனக்கு வேண்டும்.