சதீஷ் பாஸ்கர் நடந்த கரையில்

ஊரூர் குப்பத்து மீனவப் பெரியவர்களுக்கும், பெசன்ட் நகர் கரைக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர், 1970களில் கடலாமைகளைத் தேடி இந்தியக் கரையெங்கும் நடந்தார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் தனியாகத் தங்கிப் பச்சை ஆமைகளைக் கணக்கெடுத்தார். 2023இல் மறைந்த அந்த மனிதருக்கு நாம் செய்யும் மரியாதை, பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி) முட்டைகளைப் பழுதில்லாமல் எடுத்து, குஞ்சு பொரிக்கும்வரை காக்கும் பொரிப்பகத்தில் வைப்பதுதான்.

முட்டையிட வந்த ஆமை ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். அங்கே கோலை மெதுவாக இறக்குங்கள். கெட்டி மணலில் நிற்கும் கோல், குழிக்கு மேலே சட்டென்று இளகும். அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். அழுத்தினால் முட்டை குத்துப்படும். ஒன்று ஒழுகினாலே எறும்பும் பூஞ்சையும் மற்றவற்றுக்கும் ஏறும். பிறகு கையால்தான் தோண்ட வேண்டும். சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், பெரும்பாலும் நூறுக்கு மேல் முட்டைகள் இருக்கும். குழி குடம் மாதிரி, கழுத்து குறுகி வயிறு அகன்றிருக்கும். ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, பொரிப்பகத்திலும் அப்படியே தோண்டுங்கள்.

நேரம் மிக முக்கியம். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். முட்டைப் பையைக் கையிலேயே குலுங்காமல் கொண்டுவரச் சொல்வது அதனால்தான். பைக்கில் வைக்கவே வேண்டாம்.

பொரிய 45 முதல் 55 நாளாகும். மணல் சுமார் 30 டிகிரிக்கு மேல் போனால் பெண் குஞ்சுகளே அதிகம். 35ஐத் தாண்டி நீடித்தால் கருவே கருகும். ஆகவே மார்ச் கடைசியில் நிழல் பந்தல் அவசியம். குழிமேல் மணல் லேசாக உள்வாங்கினால் குஞ்சுகள் மேலேறுகின்றன என்று அர்த்தம். அலையில் கொண்டுபோய் விடாதீர்கள், சற்று முன்னால் விட்டால் தானாக நடக்கும்.

குஞ்சுக்கு வெளிச்சமிருக்கும் பக்கமே கடல். தெருவிளக்கைப் பார்த்துச் சாலைக்கு ஏறி, நாய்க்கும் டயருக்கும் பலியாவது இங்கே நடக்கிறது. பெரிய ஆமைகளுக்கோ இழுவலை எமன்: மூச்சு வாங்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகின்றன. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் இதே கரையில் ஒதுங்கின. கரையோரம் இழுவலை போடக்கூடாதென்ற விதி காகிதத்தில் இருந்தால் போதாது.

இன்றிரவு நீலாங்கரையிலிருந்து நடக்கிறோம். வனத்துறை அனுமதி பெற்ற குழுவினர் மட்டுமே முட்டையைத் தொடலாம். செல்போன் டார்ச் வேண்டாம். கடலோர வீட்டுக்காரர்கள் ஏப்ரல் முடியும்வரை மாடி விளக்கை அணைத்து வையுங்கள்.