கடல் வற்றினால் ஊர் எழும்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் ஒரு கடலோர ஊரில் தங்கி வேலை பார்த்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். நான் இருந்த ஊரின் பெயர் புரூம். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரை. சிட்னி, மெல்பர்ன் என்றால் நம் வீடுகளில் யாராவது ஒரு சித்தப்பா மகனாவது இருப்பார். புரூம் என்றால் பாத்திரம் தேய்ப்பதா, பெருக்குவதா என்று கேட்பார்கள். பெர்த் நகரிலிருந்து சாலை வழியே போனால் சுமார் 2,200 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு கைவிரல் அளவுக்குத்தான். புரூமிலும் மொத்தமே ஏறக்குறைய 15,000 பேர். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை பாருங்கள், சாலையெல்லாம் கேரவன் வண்டிகளாக இருக்கும்.

அங்கே ஏன் போனேன்? ஆஸ்திரேலியா வேலையும் விடுமுறையும் சேர்ந்த ஒரு விசா கொடுக்கிறது. ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ளலாம். இந்தியர்களுக்கு இது 2024 அக்டோபரில்தான் திறந்தது. வயது 18 முதல் 30 வரை, ஆண்டுக்கு 1,000 பேர், குலுக்கல் முறை. விழுந்தால் அதிர்ஷ்டம். இரண்டாவது வருடமும் நீட்டிக்க வேண்டுமானால் குறிப்பிட்ட சில பகுதிகளில், குறிப்பிட்ட வகை வேலையை மூன்று மாதம் பார்த்திருக்க வேண்டும். வடக்கு ஆஸ்திரேலியாவில் விடுதி, உணவக வேலை இந்தக் கணக்கில் சேரும். அதனால்தான் பிரான்சு, தைவான், அயர்லாந்து என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் முதுகுப்பையோடு புரூமில் வந்து இறங்குகிறார்கள். நானும் இறங்கினேன்.

போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் போங்கள். ஜூனில் போனால் வேலை கிடைக்கும், படுக்கை கிடைக்காது. சுற்றுலாப் பயணிகள் கூடிவிட்டால் பொதுத் தங்குமிடத்தில் எட்டுப் பேர் படுக்கும் அறையில்கூட இடம் இருக்காது. காரிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நகராட்சி ஆட்கள் விடியற்காலையில் கண்ணாடியைத் தட்டி அபராதச் சீட்டைக் கொடுப்பார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே 'தங்க இடம் தருவீர்களா' என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். அங்கே எல்லாரும் கேட்பதுதான். மது பரிமாறும் இடத்தில் வேலை என்றால் அதற்கென்று ஒரு சான்றிதழ் வேண்டும். இணையத்திலேயே படித்து வாங்கிவிடலாம், போவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

எனக்குக் கிடைத்தது விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. புரூமின் மண் சிவப்பு. பிண்டான் என்பார்கள். நம் சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் தேரிக்காட்டு மண்ணைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த நிறம். விடுதி முதலாளிகளோ உலகம் முழுக்க வெள்ளைத் துண்டு, வெள்ளை விரிப்பு, குளியலறை வாசலில் வெள்ளை மிதியடி என்றுதான் வாங்குகிறார்கள். கதவைத் திறந்தால் மிதியடியில் ஐந்து விரலும் தெளிவாகச் சிவப்பாகப் பதிந்திருக்கும். குழந்தைகள் இருந்த அறை என்றால் சுவரில் முழங்கை உயரத்துக்குக் கைத்தடம். விரிப்பை அப்படியே உருட்டிச் சலவைக் கூடையில் போடக்கூடாது. வெளியே கொண்டுபோய் உதறிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் மொத்தக் கூடையும் இளஞ்சிவப்பாகி வரும். என் கூட வேலை பார்த்த தைவான் பெண் அறைக்குள் நுழைந்ததும் தரையைப் பார்த்தே இவர்கள் எந்தப் பக்கம் சுற்றப் போனார்கள் என்று சொல்லிவிடுவாள். சிவப்பு என்றால் வடக்கே மண் சாலை, வெளிர்மணல் என்றால் கேபிள் கடற்கரை, சாம்பல் சேறு என்றால் சதுப்புநிலப் பக்கம்.

சம்பள விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 2025 ஜூலையிலிருந்து அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். நிரந்தரமில்லாத வேலையாட்களுக்கு அதன்மேல் 25 சதவீதம் கூடுதல். ஓர் உணவகத்தில் என்னிடம், "மணிக்கு 18 டாலர், கையில் ரொக்கம், கணக்கு வழக்கு வேண்டாம்" என்றார்கள். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ரொக்கம் வாங்கினால் சம்பளச் சீட்டு இருக்காது. சீட்டு இல்லாவிட்டால் மூன்று மாதம் உழைத்ததற்கு விசா அலுவலகத்தில் காட்ட ஆதாரம் இருக்காது. நம் பிள்ளைகள் கூச்சத்தினாலோ அவசரத்தினாலோ இதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள். வரி எண் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போகவே வேண்டாம்.

இனி கடலுக்கு வருவோம். நான் தூத்துக்குடிக்காரி. கடல் எனக்குப் புதிது இல்லை. ஆனால் நம் மன்னார் வளைகுடாவில் கடல் ஏறினாலும் வற்றினாலும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். கரையில் நிற்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. புரூமில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அது 10 மீட்டரை நெருங்கிவிடும். மூன்று மாடி உயரத் தண்ணீர் ஆறே மணி நேரத்தில் போய், அடுத்த ஆறு மணி நேரத்தில் திரும்பி வருகிறது. ஊரை ஒட்டிய ரோபக் விரிகுடாப் பக்கம் நின்று வீடியோ அழைப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. "ஏட்டி, கடலோரம்னு சொன்ன, கடலு எங்க?" என்றாள். "சாயங்காலம் வரும்மா" என்றேன். நம்பவில்லை.

ஆகவே புரூமில் குடியேறுவது என்பது ஏற்ற இறக்க அட்டவணையைப் படிக்கக் கற்பதுதான் என்பேன். அது சின்னக் கையடக்கப் புத்தகமாக வரும். தூண்டில் கடையில் கிடைக்கும். ஊர்க்காரர்கள் குளிர்பெட்டிக் கதவில் மாட்டி வைத்திருப்பார்கள். மீன் பிடிக்கப் போவது, படகு இறக்குவது, கடற்கரையில் வண்டி ஓட்டுவது எல்லாம் அதைப் பார்த்துத்தான். கடற்கரையில் காரை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனவர்களின் கதை ஆண்டுக்கு ஆண்டு புதிதாக ஒன்று வரும். கரையோரச் சதுப்பில் கடிக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகூடப் பௌர்ணமியை ஒட்டி அதிகம் கடிக்கும் என்பார்கள். என் கணுக்கால் அதை ஒப்புக்கொள்ளும்.

கடல் நன்றாக வற்றும் நாளில்தான் ஊரின் பழைய சங்கதிகள் வெளியே வரும். காந்தியோம் முனையில் பாறையில் டைனோசர் காலடித் தடங்கள் இருக்கின்றன. சுமார் 13 கோடி ஆண்டுப் பழசு. மற்ற நாளில் தண்ணீருக்கடியில். ரோபக் விரிகுடாவில் சேற்றில் நடந்து போனால் கடல்விமானங்களின் எலும்புக்கூடு தெரியும். 1942 மார்ச் 3 அன்று, சாவகத்திலிருந்து, அதாவது இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலிருந்து, தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள் அந்த விமானங்களுக்குள்ளேயே இரவைக் கழித்துவிட்டுக் காத்திருந்தபோது ஜப்பானியப் போர்விமானங்கள் வந்து சுட்டன. குறைந்தது 88 பேர் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளுமாக. எஞ்சின் துண்டில் சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதிக நேரம் நிற்க முடியாது. தண்ணீர் திரும்பும் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

எல்லாரும் படம் பிடிப்பது வேறொன்றை. மார்ச் முதல் அக்டோபர் வரை, பௌர்ணமியை ஒட்டி, வற்றிய சேற்றுப்பரப்பின் மேல் நிலா எழும்போது அங்கங்கே தேங்கிய நீரில் வெளிச்சம் படிப்படியாக விழும். நிலாவுக்கு ஏணி என்று பெயர் வைத்து, பக்கத்தில் இரவுச் சந்தையும் போடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரம் கைப்பேசிக்கு நடுவில் நின்று பார்ப்பதற்குப் பதில் எனக்குச் சன் பிக்சர்ஸ் திரையரங்கு பிடிக்கும். 1916இல் திறந்தது. கூரை பாதிதான். மீதி வானம். துணி நாற்காலியில் சாய்ந்துகொண்டு படம் பார்க்கலாம். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால் நாயகன் முக்கியமாக ஏதோ சொல்லும்போது தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு இறங்கும். முன்பெல்லாம் பெரிய ஏற்றம் வந்தால் கடல் தண்ணீர் கொட்டகைக்குள்ளேயே வந்துவிடுமாம். காலை மடக்கிக்கொண்டு படத்தைப் பார்த்திருக்கிறார்கள். 1974இல் கரை கட்டிய பிறகுதான் அது நின்றது. அதே கொட்டகையில் வெள்ளையருக்கு ஒரு வாசல், மற்றவர்களுக்கு வேறு வாசல், வேறு இருக்கை என்று பல காலம் இருந்திருக்கிறது.

மற்றவர்கள் என்றால் யார்? தூத்துக்குடிக்காரிக்கு ஒட்டும் கதை இங்கேதான் இருக்கிறது. புரூமும் முத்து எடுத்த ஊர். நம் பக்கம் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக் கல்லோடு இறங்குவார்கள், மேலே கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பார்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தங்கை தாலிக்குப் பயந்தாவது இழுப்பான் என்று கணக்கு. புரூமில் முத்து கூடுதல் வரும்படி மட்டும்தான். உண்மையான வியாபாரம் சிப்பி ஓடு. ஐரோப்பாவில் சட்டைப் பொத்தான் அந்த ஓட்டில்தான் செய்தார்கள். தொடக்கத்தில் பழங்குடி மக்களைக் கட்டாயப்படுத்திக் கடலில் இறக்கினார்கள், கர்ப்பிணிகள் உட்பட. விரிகுடாக் கரையில் அந்தப் பெண்களுக்கு ஒரு சிலை இருக்கிறது. அப்புறம் கடலடியில் மூச்சுவிடச் செம்புத் தொப்பியும் காற்றுக்குழாயும் வந்தபின் ஜப்பானியர், மலாய்க்காரர், பிலிப்பைன்ஸ்காரர், தீமோர்க்காரர் என்று வந்தார்கள். வெள்ளையரல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று 1901இல் அந்த நாடு சட்டம் போட்டபோதுகூட முத்துத் தொழிலுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆழத்தில் சாவதற்கு ஆள் வேண்டுமே. ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 900க்கு மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பலர் தைஜி என்ற ஒரே வட்டாரத்து இளைஞர்கள். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்து உடம்பு முடங்கிச் செத்தவர்கள், புயலில் போனவர்கள். முத்தின் மேல்தோலைச் சீவி ஒளி வரவைப்பதில் பேர்போன ஒருவர் அந்தக் காலத்தில் அங்கே இருந்திருக்கிறார். அவர் சிங்களவர், எல்லிஸ் என்று பெயர். நம் கடலுக்கு எதிர்க்கரைக்காரர்.

1950களில் பிளாஸ்டிக் பொத்தான் வந்து ஓட்டு வியாபாரம் படுத்தது. 1956இல் வடக்கே குரி விரிகுடாவில் வளர்ப்பு முத்துப் பண்ணை தொடங்கினார்கள். இப்போது சைனா டவுன் கடைகளில் கண்ணாடிக்குள் இருப்பதெல்லாம் பண்ணை முத்து. சிப்பியின் சதையையும் உணவகங்களில் விற்கிறார்கள். விலையைக் கேட்டால் நம் இறாலே தேவலை என்று தோன்றும்.

இத்தனை நாட்டுக்காரர்களும் யாவுரு பழங்குடிக் குடும்பங்களும் கலந்து வாழ்ந்ததால் ஊர்ச் சமையலில் நமக்குப் பழக்கமான வாசனை இருக்கிறது. சோறும் சாத்தே கோழியும் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாதாரண வீட்டுச் சாப்பாடு. சனிக்கிழமை நீதிமன்ற வளாகச் சந்தையில் மாமரத்தடியில் நின்று வாங்கிச் சாப்பிடலாம். ஊரில் பேச்சுத் துணைக்குத் தமிழர் தேடினேன், அதிகம் அகப்படவில்லை. பொதுச் சமையலறையில் நான் ரசம் கொதிக்கவிட்டபோது மூன்று நாட்டுக்காரர்கள் தும்மினார்கள். மறுவாரம் அவர்களே கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

யாவுரு மக்களுக்கும் நம்மைப் போல ஆண்டுக்கு ஆறு பருவம். மழைக்காலம் மன்கலா, குளிர்காலம் பர்கனா, மழைக்கு முன் புழுங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் லாஜா. நமக்குக் கார், கூதிர் என்பது பாடப்புத்தகத்தோடு போய்விட்டது. அங்கே எந்தப் பருவத்தில் எந்த மீன் கொழுக்கும் என்பதுவரை பேச்சில் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பயணியின் உயிருக்கும் நல்லது. கேபிள் கடற்கரை 22 கிலோமீட்டர். 1889இல் சாவகத்திலிருந்து கடலடித் தந்திக் கம்பி வந்து ஏறிய இடம், அதனால் அந்தப் பெயர். கிழக்குக் கரையில் பிறந்த எனக்குச் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்ப்பது கடைசிவரை அலுக்கவில்லை. ஆனால் நவம்பரிலிருந்து விஷச் சொறிமீன் வரும். இருகாஞ்சி என்று ஒன்று, நகக்கண் அளவுதான், பட்டால் மருத்துவமனைதான். கடற்கரையில் கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். முதலை தென்பட்டால் அன்று கடலை மூடிவிடுவார்கள். ஊர்க்காரன் இறங்காத தண்ணீரில் நீங்களும் இறங்காதீர்கள்.

லாஜா வந்ததும் கேரவன்கள் போய்விடும். வாரத்துக்கு ஐந்து நாள் இருந்த வேலை இரண்டு நாளாகும், அறைத் தோழிகள் ஒவ்வொருவராகத் தெற்கே திராட்சைத் தோட்டங்களுக்குக் கிளம்புவார்கள். நானும் கிளம்பினேன். கிளம்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு காசு விஷயம். உங்கள் சம்பளத்துக்கு மேல் 12 சதவீதத்தை முதலாளி ஓய்வுக்கால நிதியில் கட்டியிருப்பார். நாட்டைவிட்டு வந்து, விசாவும் முடிந்தபின் அதை இணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். நம் விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவீதம் வரி பிடிப்பார்கள். பிடிக்கட்டும், மிச்சம் 35ஐ விட்டுவிடாதீர்கள். நிறையப் பேர் அதுவும் தெரியாமல் விட்டுவிட்டு வருகிறார்கள். பழைய சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், அப்போதும் அவை தேவைப்படும்.

நன்றி, வணக்கம்.