வானவில்லை நோக்கி ஓடியவள்

அவைத்தலைவர் அவர்களே, உடல்நலக் குறைவையும் பாராமல் வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவி அவர்களே, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பொன்னாடை போர்த்திவிட்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, ஒலிபெருக்கித் தம்பியே, பிள்ளைகளே, வணக்கம்.

குரோவேஷியச் சிறுகதைகளில் கிராமம், துறைமுகம், தீவு என மூன்றையும் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். கிராமத்திலிருந்து தொடங்குகிறேன்.

குரோவேஷியாவின் கடலோரப் பகுதியான தால்மாத்தியா என்றதும் எல்லோருக்கும் நீலக்கடல்தான் ஞாபகம் வரும். மலையைத் தாண்டி உள்ளே போனால் செத்தினா ஆற்றுப் பகுதி. அங்கே ஹ்ர்வாட்செ, தித்ஸ்மோ ஆகிய சிற்றூர்களில் வாத்தியாராக இருந்தவர் தின்கோ ஷிமுனோவிச்; 1873இல் பிறந்தவர். ஊர் வாத்தியாருக்குத் தெரியாத வீட்டுச் சங்கதி உண்டா? பக்கத்துச் சின் நகரில், 1715இல் துருக்கியப் படையை வென்றதன் நினைவாக, குதிரையில் பாய்ந்துபோய் ஈட்டியால் இரும்பு வளையத்தைக் குத்தும் போட்டி நடக்கும். அதை வைத்து ‘அல்கார்’ எழுதினார். அப்பனும் மகனும் ஒரே பெண்ணை விரும்பும் கதை. அதற்குள் போனால் இன்று வீடு திரும்ப மாட்டோம்.

1907இல் வந்த ‘துகா’வுக்கு வருகிறேன். துகா என்றால் வானவில். வசதியான வீட்டில் ஒரே செல்ல மகள், ஸர்னா. வெயிலில் திரியாதே, ஓடாதே, சத்தமாகச் சிரிக்காதே! வெளியே பையன்கள் புழுதி பறக்க ஆடுகிறார்கள். இவள் நல்ல கவுன் போட்டுக்கொண்டு பார்த்து நிற்கிறாள். ‘ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது’ என்போம். ஆடவே விடாத கால் என்ன செய்யும் அம்மா? வானவில்லின் கீழே ஓடிக் கடக்கும் பெண்பிள்ளை ஆணாகிவிடுவாள் என்று யாரோ சொன்னது அவள் மனசில் ஏறிவிட்டது. ஒருநாள் மழை விட்டது. வானவில் வந்தது. எழுந்தாள், ஓடினாள். பின்னால் கூப்பாடு. திரும்பவில்லை. எதிரே சதுப்பு நிலம். சேற்றில் மூழ்கிப் போனாள். கைதட்டாதீர்கள் பிள்ளைகளே, கேளுங்கள்.

விமர்சகர்கள் இதில் குறியீடு தேடுவார்கள். தேடட்டும். எனக்கு இது மைதானம் கிடைக்காத ஒரு பிள்ளையின் கதை. நம் ஊர்ப் பள்ளி மைதானத்திலும் மாலையானால் பையன்களின் கிரிக்கெட்தான். பெண்பிள்ளைகள் மதில் ஓரம் நிற்கிறார்கள். ஆடின கால் சும்மா இருக்காது, தலைவி அம்மா. கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள்!

அவைத்தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். துறைமுகத்துக்கு செஞ் நகரின் எழுத்தாளர் நோவாக், தீவுக்கு விஸ் தீவில் பிறந்த எழுத்தாளர் மரின்கோவிச். இருவரும் அடுத்த கூட்டத்துக்கு. வாசலில் மனு வைத்திருக்கிறேன்: வாரத்தில் மூன்று மாலை மைதானம் பெண்பிள்ளைகளுக்கு. காபிக்குப் போகும் முன் கையெழுத்துப் போடுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.